நான்காவது ஜோடி

அறை முழுக்க வீடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. துணி காயப்போடுவதுபோலக் கொடி கட்டி, கிளிப் மாட்டி, வரிசை வரிசையாகப் படங்கள். கூரை சரிந்த வீடு. ஜன்னல் வழியாக மரம் உள்ளே கையை நீட்டிய வீடு. சுவரில் இருந்த போட்டோக்களைக் கழற்றிக்கொண்டு போன இடத்தில் வெள்ளைச் சதுரங்கள் மட்டும் மிஞ்சிய வீடு. எல்லாமே பூட்டிவிட்டு வெளிநாடு போனவர்களின் வீடுகள்.

“இதுல ஏதாவது ஒண்ணு வாடகைக்குக் கிடைக்குமா சார்? எங்க வீட்டு ஓனர் மாசாமாசம் உயிரை எடுக்கறார்,” என்றான் கொசு.

போட்டோக்காரர் சிரிக்கவில்லை. மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஒரு ஜோக்கை மூன்று பேர் சேர்ந்து இப்படி அடக்கம் பண்ணுவது நல்ல சகுனம் இல்லை என்று கொசு நினைத்துக்கொண்டான்.

கொசு என்பது மேடம் வைத்த பட்டப்பெயர். காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுகிறானாம். கார் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, யாராவது அடிக்க வந்தால் முதல் அடியை வாங்கிக்கொள்வது எல்லாம் அவன் இலாகா. துப்பறிவது மேடத்தின் இலாகா. அதற்கு முன்னால் அவர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஆள் உண்மையிலேயே செத்தானா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் அங்கே வேலை. அதனாலோ என்னவோ, உயிரோடு இருப்பவர்கள் சொல்வதை அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டார்.

“அந்தப் படத்தை எடுங்க,” என்றார் மேடம்.

போட்டோக்காரர் கொடியிலிருந்து ஒன்றைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கிரில் கம்பி போட்ட ஒரு முன்வராந்தா. கம்பிக்கு வெளியே நின்று எடுத்த படம். பூட்டிய கதவு. கதவுக்கு முன்னால் தூசி போர்த்திய செருப்புகள் ஒரே வரிசையில்.

“இதுதான் எங்க வீடு,” என்றாள் அந்தப் பெண். “இது எங்கம்மா செருப்பு.”

விரலை வைத்துக் காட்டினாள். ஒரு ஜோடி. அதில் இடது கால் செருப்பு சாதாரணமாக இருந்தது. வலது கால் செருப்புக்கு மட்டும் அடியில் கட்டைபோலத் தடித்த அட்டை. ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள் போடுவது.

“அம்மா முகம் எனக்கு ஞாபகம் இல்ல மேடம். வீட்டுல ஒரு படம்கூட வெச்சுக்கல. ஆனா அவங்க நடக்கற சத்தம் ஞாபகம் இருக்கு. டொக், அப்புறம் ஒரு சின்ன சர். டொக், சர். அதைக் கேட்டுத்தான் தூங்குவேன்.”

அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது குடும்பம் வெளிநாடு போனது. போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே அம்மா வேறு ஒருவனோடு ஓடிவிட்டாள் என்பதுதான் அப்பா சொல்லி வளர்த்த கதை. புருஷனும் வேண்டாம், பெற்ற பிள்ளையும் வேண்டாம் என்று போய்விட்டாளாம். அப்புறம் அந்த நாட்டிலேயே அப்பாவுக்கு ஒரு பெண் பழக்கமாகி, சித்தியாக வீட்டுக்கு வந்தாள். சித்தி நல்லவள்தான். தலை வாரி விட்டாள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். பதினெட்டு வருஷம் அம்மாவைத் திட்டிக்கொண்டே வளர்ந்தாகிவிட்டது. போன மாதம் யாரோ அனுப்பிய படங்களில் இந்த வாசல் கண்ணில் பட்டது. வீட்டை இடித்து மனையாக விற்பதற்காக அப்பாவும் சித்தியும் ஊருக்குக் கிளம்பியபோது, தானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் டவுன் ஹோட்டலில் இருக்கிறார்கள். இவள் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறாள்.

“எனக்கு ஒண்ணுதான் தெரியணும்,” என்றாள். “அம்மா என்னை விட்டுட்டுப் போனாங்களா, இல்லையா?”

“போலீஸ்ல கேட்டியா?”

“கேட்டேன். எங்ககூடவே அம்மாவும் விமானம் ஏறினதா பதிவு இருக்காம். போனவங்களை அங்க போய்த் தேடுன்னு சொல்லிட்டாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “அது நிஜம்தான் மேடம். எனக்கே ஞாபகம் இருக்கு. விமானத்துல அம்மா மடியிலதான் தலை வெச்சுப் படுத்திருந்தேன். என் முடியைக் கோதி விட்டுக்கிட்டே வந்தாங்க.”

“சரிதான். அப்ப இந்தச் செருப்புல என்ன இருக்கு?” என்றான் கொசு. “பழசைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிட்டுப் போயிருப்பாங்க.”

“அப்படித்தான் எல்லாரும் பண்ணுவாங்க,” என்று போட்டோக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “ஊரை விட்டுக் கிளம்பற அன்னைக்கு எல்லாரும் புது ஷூ போடுவாங்க. பழைய செருப்பை வாசல்லயே கழட்டி விட்டுட்டுப் போயிடுவாங்க. தூக்கிப் போட மாட்டாங்க. திரும்பி வந்தா காலுக்கு வேணுமேன்னு ஒரு நெனப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த வரிசை இருக்கும். அதை எடுக்கத்தான் நான் ஊர் ஊராப் போறேன். போனவங்க ஒருத்தரும் திரும்பி வர்றதில்ல.”

“நீங்க வரிசையா அடுக்கி வெச்சு எடுத்தீங்களா?”

“ஐயோ, இல்ல மேடம். நான் எதையும் தொட மாட்டேன். பூட்டை உடைக்க மாட்டேன், காத்துல விழுந்த நாற்காலியைக்கூட நிமிர்த்த மாட்டேன். விட்டுட்டுப் போனது விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஒரு விஷயம். இவங்க அப்பா எனக்குப் போன் பண்ணினார். வீட்டுப் படத்தை எடுத்துடுங்கன்னார். வீட்டுக்காரர் கேக்கறது நியாயம்தானே? நெட்டுல அஞ்சு படம் போட்டிருக்கேன், அஞ்சையும் எடுத்துடறேன்னேன். அஞ்சும் வேணாம், வாசல் படம் ஒண்ணு மட்டும் போதும்னார். அது எனக்கு உறுத்தலா இருந்துச்சு. எடுக்கல.”

மேடம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “போடாத படம் ஏதாவது இருக்கா?”

“கொல்லைப்பக்கம் ஒண்ணு எடுத்தேன். சுமாராத்தான் வந்துச்சு.” இன்னொரு படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு கிணறு. வாயைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருந்தது. பாசி படர்ந்து, ஓரத்தில் ஏதோ பூப்போல ஒரு தடம்.

மேடம் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். அப்புறம் இரண்டு படங்களையும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வீட்டை எப்ப இடிக்கறாங்க?”

“நாளைக்குக் காலையில,” என்றாள் பெண்.

“எழுந்திரு,” என்றார் மேடம். “செருப்பு வாங்கப் போறோம்.”

கால் வளைந்தவர்கள், கால் குட்டையானவர்கள், விரல் போனவர்கள் எல்லோருக்கும் அளவெடுத்து ஷூ செய்துகொடுக்கும் கடை சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டவுனில், மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே. உள்ளே தோல் வாசனையும் பசை வாசனையும் மூக்கைத் துளைத்தன. சுவர் முழுக்க மரத்தில் செதுக்கிய கால் அச்சுகள். ஊர்க்காரர்கள் எல்லோரும் கணுக்காலோடு கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது போல இருந்தது.

கடைக்காரர் குட்டையாக, கோபமாக இருந்தார். வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். கொசுவின் காலைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டா நடக்கறீங்க?”

“இல்ல சார், இது என்னை இழுத்துட்டுப் போகுது,” என்றான் கொசு. முன்னால் இருந்த கண்ணாடிப் பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான். பெட்டிக்குள்ளே ஒரே ஒரு ஜோடி பெண்கள் ஷூ, பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே உயரம். குனிந்து பார்த்தால்தான் ஒன்றின் உள்ளே மட்டும் மெத்தையாக மேடு கட்டியிருப்பது தெரியும். “இதென்ன சார், ஒரு காலுக்குத் தரைத்தளம், ஒரு காலுக்கு மாடியா?”

“கண்ணாடி மேல சாயாதீங்க. அது சாம்பிள்.”

மேடம் வாசல் படத்தை எடுத்து நீட்டினார். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கோபம் மெல்ல இறங்கியது.

“என் கை வேலைதான். அட்டைக்கு ஓரத்துல ரெண்டு தையல் போட்டிருக்கேன் பாருங்க, வேற யாரும் போட மாட்டான். இவங்க கிராமத்துலேருந்து வருவாங்க. சிரிச்ச முகம். இதுக்கு அப்புறம் இன்னொரு ஜோடி செஞ்சேன், வெளிநாட்டுக்குப் போட்டுட்டுப் போறதுக்கு.”

பெண்ணின் முகத்தில் எதுவோ அணைந்தது. கொசுவுக்கும் மனசு தொய்ந்துவிட்டது. அவன் சொன்னதுதான் சரி. புதுசு மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இத்தனை நாள் எப்போதாவது தான் சொன்னது சரியாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறான். இன்றைக்குப் பார்த்தா அது நடக்க வேண்டும்?

“அந்தப் புது ஜோடி இப்ப எங்க இருக்கும்?” என்று மேடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“எங்க இருக்கும்? உங்க ஆளு அது மேலதான் முழங்கையை ஊனிட்டு நிக்கறார்.”

கொசு சுட்டுக்கொண்டவன்போலக் கையை எடுத்தான்.

“வாங்கிட்டுப் போகல,” என்றார் கடைக்காரர். “அளவு ஷூ வேற யாருக்கும் பொருந்தாது. விக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வரல. இவ்வளவு நல்லா அதுக்கப்புறம் நான் செஞ்சதே இல்ல. சரி, சாம்பிளா இருக்கட்டும்னு வெச்சுட்டேன். எத்தனை தடவை வந்து அளவு பாத்தாங்க தெரியுமா அந்தம்மா? மேடு வெளியில தெரியவே கூடாது, உள்ளுக்குள்ள மறைச்சுக் கொடுங்கன்னு ஒரே பிடிவாதம். ஏன்மா இவ்வளவு பாடுன்னு கேட்டேன். புது ஊர்ல பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடணும், மத்தப் பிள்ளைங்க என் காலைப் பாத்துட்டு அவளைக் கேலி பண்ணிடக் கூடாதுன்னாங்க.”

பெண் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றாள்.

“பாப்பாவுக்கும் ஏதாவது செஞ்சீங்களா?” என்றார் மேடம்.

“குட்டி ஷூ ஒண்ணு.”

“அடியில?”

கடைக்காரர் மேடத்தை வியப்போடு பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்? குதிகால்ல ஒரு பூ வெட்டி விடுவேன். அஞ்சு இதழ். குழந்தைங்க மண்ணுல மிதிச்சு மிதிச்சுப் பாத்துக்கும். அதை மட்டும் அவங்க அப்பா வந்து வாங்கிட்டுப் போனார். கடை சாத்தற நேரம். பாப்பாவும் கூட வந்துச்சு. இங்கேயே மாட்டிக்கிட்டு, கழட்ட மாட்டேன்னு ஒரே ஆட்டம்.”

“அம்மா ஷூவை ஏன் வாங்கல?”

“நானும் கேட்டேன். இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க சார்னேன். வேணாம், அவளே வந்து போட்டுப் பாத்து வாங்கிப்பான்னார்.” கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “விடிஞ்சா விமானம்னும் அவரேதான் சொன்னார். அப்புறம் எங்க வந்து போட்டுப் பாக்கறது? எனக்கு அப்போ உறைக்கல. கடை சாத்தற அவசரம்.”

அவர் பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்துத் துணியால் ஒரு முறை துடைத்தார். பெண்ணின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அவள் கையில் கொடுத்தார்.

கார் கிராமத்து ரோட்டில் ஏறியது. பின்சீட்டில் அவள் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் முன்சீட்டிலிருந்து போனில் பேசினார். காப்பீட்டு நாளிலிருந்து பழக்கமான இன்ஸ்பெக்டர் ஒருவர்.

“வீட்டுக்கு ஆள் அனுப்புங்க. ஹோட்டலுக்கும் அனுப்புங்க. காரணமா? போறதுக்குள்ள காரணத்தோட கூப்பிடறேன்.” வைத்துவிட்டார்.

“அப்பா மறந்திருக்கலாம்,” என்றாள் பெண். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “கிளம்பற அவசரத்துல. அம்மா வேற ஏதாவது செருப்புப் போட்டுட்டுப் போயிருக்கலாம்.”

“வேற எதையும் போட்டு உங்கம்மாவால நடக்க முடியாது,” என்றார் மேடம். “பழசு வாசல்ல இருக்கு. புதுசு உன் மடியில இருக்கு. வெறுங்காலோட விமானம் ஏறியிருக்க முடியாது.”

“ஆனா ஏறினாங்களே! நான் மடியில படுத்துட்டு வந்தேனே!”

மேடம் வாசல் படத்தைப் பின்னால் நீட்டினார். “எத்தனை ஜோடின்னு எண்ணு.”

பெண் எண்ணினாள். பெரிய ஆண் செருப்பு அப்பாவுடையது. குட்டிச் செருப்பு தன்னுடையது. அட்டை தடித்தது அம்மாவுடையது. அதோடு நிறுத்தினாள். கொசு கண்ணாடியில் பார்த்தான். அவள் விரல் வரிசையின் கடைசிக்கு நகர்ந்தது.

“மூணு பேர் கிளம்பின வீடு,” என்றார் மேடம். “நாலு ஜோடி.”

வரிசையின் கடைசியில், தூணுக்கு ஒட்டினாற்போல், இன்னொரு பெண்கள் செருப்பு இருந்தது. கொசுவும் காலையில் பார்த்தான்தான். அம்மா செருப்பைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

“அந்தச் செருப்புல என்ன வித்தியாசம்?”

“பின்வார் இல்ல,” என்றாள். குரல் யாருடையதோபோல இருந்தது. “வாரை அறுத்திருக்கு.”

“அப்படி யாரையாவது உனக்குத் தெரியுமா?”

கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் கொசுவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“சித்தி எந்தச் செருப்பு வாங்கினாலும் முதல்ல கத்திரியை எடுத்துப் பின்வாரை வெட்டிடுவாங்க. உரசுதும்பாங்க. போன வாரம் வாங்கினதைக்கூட வெட்டினாங்க.” மூச்சு வாங்கினாள். “அப்பா அவங்களை அங்க போனப்புறம்தான் பாத்தேன்னு சொல்லியிருக்கார்.”

“சொல்லியிருப்பார்.”

“அப்ப அந்த மடி…”

“உங்கம்மா பாஸ்போர்ட்டுல ஒரு பொம்பளை போயிருக்கா. உங்கம்மா போகல. நாலு வயசுத் தூக்கத்துல கிடைச்ச மடியை அம்மா மடின்னு சொல்லியே வளர்த்திருப்பாங்க.”

கொசுவுக்கு ஏதாவது பேசியாக வேண்டும்போல இருந்தது. பேசாவிட்டால் வண்டி கவிழ்ந்துவிடும்போல. “அந்தக் காலத்துப் பாஸ்போர்ட் போட்டோவுல எல்லாருக்கும் ஒரே திருட்டு முழிதான் மேடம். என் பாஸ்போர்ட்டை எடுத்துட்டு எங்க மாமியாரே போயிட்டு வரலாம்,” என்றான். சொல்லி முடிக்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. கண்ணாடியில் அவள் முடியைத் தானே கோதிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதை உணர்ந்து, கையை உதறி மடிக்கு இறக்கினாள்.

“கிளம்பற வீட்டுல எல்லாருக்கும் கை பழக்கம் ஒண்ணு இருக்கு,” என்றார் மேடம், ரோட்டைப் பார்த்தபடி. “புதுசை மாட்டு, பழசை வாசல்ல விடு. வேற பேர்ல போறவளுக்கும் அதே கை, அதே பழக்கம். எல்லாத்தையும் யோசிச்சவங்க, காலடியைப் பாக்கல.”

தெருவில் ஆள் இல்லை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது, எதிர்வீடு பூட்டியிருந்தது, அதற்கடுத்த வீட்டுக்குப் பூட்டுக்கூடத் தேவைப்படவில்லை, கதவே இல்லை. யார் கிளம்பினார்கள், எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று பார்ப்பதற்கு அன்றைக்கே இங்கே கண் ஏதும் மிஞ்சியிருக்காது.

ஆனால் சத்தம் இருந்தது. மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. கிரில் கம்பி நசுங்கிக் கிடந்தது. வராந்தா இருந்த இடத்தில் செங்கல் குவியல். செருப்பு வரிசை அதற்கடியில் எங்கேயோ.

“நாளைக்குன்னு சொன்னாங்களே!” என்று கொசு கையை ஆட்டிக்கொண்டே ஓடினான். “நிறுத்துய்யா! நிறுத்து!”

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “ஓனர் காலையில போன் பண்ணி இன்னைக்கே முடிச்சுடுன்னார் சார். நான் என்ன பண்றது?”

கொசு குவியலைப் பார்த்தான். “போச்சு மேடம். சாட்சி மண்ணோட மண்ணாப் போச்சு.”

“படம் இருக்கு,” என்றார் மேடம். “ஒண்ணையும் தொடாத ஒரு ஆள் எடுத்த படம்.” டிரைவரிடம் திரும்பினார். “முழு வீட்டையும் இடிக்கறீங்களா?”

“முழுசும்தான். சுத்துச்சுவர், குளியலறை, மரம் எல்லாம். கொல்லையில கிணத்து மூடியை மட்டும் உடைக்காதேன்னார். அது மேலேயே இந்த இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிடுன்னார். எனக்கும் அது லாபம்தானே, லாரி மிச்சம்.”

“வீட்டையே இடிக்கறவர், கிணத்து மூடிக்கு மட்டும் ஏன் இரக்கப்படறார்?”

டிரைவர் தலையைச் சொறிந்தார். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்கவில்லை. இப்போது தோன்றியது. மெதுவாக வண்டியிலிருந்து இறங்கினார்.

கொல்லையில் முழங்கால் உயரத்துக்குப் புல். கிணறு படத்தில் பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. பலகை போட்டு, அதன் மேல் அவசரமாகச் சிமெண்டை வாரிக் கொட்டிப் பூசியிருந்தார்கள். கொத்தனார் வேலை இல்லை. கரண்டி போன போக்கில் போயிருந்தது.

“குழந்தை விழுந்துடக் கூடாதுன்னு மூடியிருக்கலாம்,” என்றான் கொசு. இது ஜோக் இல்லை. அப்படி இருக்கக் கூடாதா என்ற ஆசைதான். அவன் வீட்டிலும் நாலு வயதில் ஒன்று இருக்கிறது.

“விடிஞ்சா குழந்தையே இங்க இருக்கப் போறதில்ல. யார் விழறதுக்கு மூடணும்?” மேடம் கொசுவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “அந்த ஓரத்தைக் கழுவு.”

கொசு தண்ணீரை ஊற்றி உள்ளங்கையால் பாசியைத் தேய்த்தான். பாசி வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் சிமெண்டில் ஒரு தடம். ஈரமாக இருக்கும்போது யாரோ மிதித்தது. அவன் கை அகலம்கூட இல்லாத ஒரு குட்டி ஷூவின் தடம். குதிகாலில் ஐந்து இதழ்ப் பூ.

கொசு கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கடைக்காரர் சொன்னது காதில் ஓடியது. கடை சாத்தும் நேரத்தில் வாங்கிப் போன ஷூ. விடிந்தால் விமானம். இடையில் இருந்தது ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரியில் ஒருத்தன் தன் மகளுக்குப் புது ஷூ வாங்கிக்கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்து, கொல்லையில் சிமெண்டு குழைத்திருக்கிறான். மனைவியின் ஷூவை வேண்டாம் என்று சொல்லும்போதே அது தேவைப்படாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தை பூவைப் பார்க்க ஆசைப்பட்டு ஓடிவந்து ஓரத்தில் மிதித்திருக்கிறது.

மேடம் கொஞ்சம் தள்ளிப் போய் இன்ஸ்பெக்டருக்குக் காரணத்தைச் சொன்னார். நாலே வார்த்தை.

பெண் தடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தன் காலைப் பார்த்தாள், தடத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அப்பா.

“கட்டாயமா எடுக்கணும்னு இல்ல,” என்றார் மேடம்.

“எடுக்கறேன்.” சத்தமாகக் கேட்கும்படி வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, அங்க என்ன பண்றே?” அப்பாவின் குரல் படபடத்தது. “இடிக்கற வேலை எந்த மட்டுல இருக்குன்னு டிரைவரைக் கூப்பிட்டா எடுக்கல. புரோக்கரைக் கேட்டா நீ அந்தப் பக்கம் கார்ல போறதைப் பாத்தேங்கறான். அது ஆபத்தான எடம்மா. உடனே வந்துடு.”

“அம்மாவோட ஷூவை வாங்கிட்டு வந்தேன்ப்பா,” என்றாள். “நீங்க கடையில விட்டுட்டு வந்தீங்கல்ல, அது.”

குனிந்து சிமெண்டுத் தடத்தை விரலால் தொட்டாள்.

“கிணத்தடியில நிக்கறேன்ப்பா.”

அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அங்கே கதவு தட்டும் சத்தம் கேட்டது. யாருங்க அது என்று சித்தியின் குரல். மறுபடியும் தட்டல், இந்தத் தடவை பலமாக. அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

கொசு எழுந்து, செருப்பைக் கழற்றிப் புல்லோரமாக விட்டான். ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. டிரைவர் அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் கழற்றினார். மேடமும் கழற்றினார்.

பெண் மண்டியிட்டு, அந்தப் புது ஷூவைக் குட்டித் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே உயரமாகத் தெரிந்தன. கேலி பண்ணுவதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை.

“அம்மா எங்கயும் போகல,” என்றாள். “நான்தான் விட்டுட்டுப் போயிருக்கேன். பதினெட்டு வருஷம் திட்டியும் இருக்கேன்.”

மேடம் அவள் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. அது கொசுவுக்குத் தெரியும்.

“போனவங்க ஒருத்தரும் திரும்பி வர்றதில்லன்னு அந்தப் போட்டோக்காரர் சொன்னார்,” என்றார் மேடம். “நீ வந்திருக்கே.”

அப்போதுதான் அவள் அழுதாள். நாலு வயதுப் பிள்ளைபோல, வாயைத் திறந்து, சத்தமாக.

தெருமுனையில் ஜீப் வரும் சத்தம் கேட்டது. கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. கொசு சாவியை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, வண்டியை ஒதுக்கப் போனான்.